பைபாஸில் எண்பது

லிஃப்ட்காரர் வேலைக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்ட சேதி முதலில் எட்டியது அவர் மனைவி பல்செட்டுக்காரிக்கு அல்ல, மாடி வீட்டுப் பார்லர்காரிக்கு. பல்செட்டுக்காரிக்குப் புருஷன் மேல் வந்த கோபத்தில் பாதி இதனால்தான். சொந்த வீட்டுச் சமாச்சாரத்தை மாடி வீட்டுக்காரி வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வது மானமுள்ள எந்த மனுஷிக்கும் ஆகாத காரியம்.

"அக்கா, அண்ணனுக்கு ஆபீஸ் மாத்திட்டாங்களா?" என்று பார்லர்காரி வாசலில் நின்றபடியே கேட்டாள். உள்ளே வரமாட்டாள். நின்றபடி சொன்னால்தான் ஏதோ போகிற போக்கில் சொன்னதாக இருக்கும்.

"இல்லியே. ஏன்?"

"நேத்து பஸ்ல போறப்ப பாத்தேன். கார்ல பைபாஸ் வழியா போயிட்டிருந்தாரு. அதுக்கு முந்தியும் ஒரு நாள் பாத்தேன். ராஜா மாதிரி சாஞ்சு உக்காந்துக்கிட்டு, அவசரமே இல்லாம. சரி, நமக்கெதுக்கு ஊர் வம்புன்னு விட்டுட்டேன்."

விட்டுவிட்டவள் இத்தனை படி இறங்கி வந்திருக்க மாட்டாள். ஆனாலும் பல்செட்டுக்காரி முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "ஏதாவது வேலையா போயிருப்பாரு" என்றாள்.

"இருக்கும், இருக்கும். மேலயும் கீழயும் போயிட்டிருந்த மனுஷன். இப்ப கொஞ்சம் சுத்திப் போறாரு போல."

இதில் என்ன குடி முழுகிவிட்டது என்று தோன்றலாம். லிஃப்ட் கம்பெனியின் ஆபீஸ் கடைத்தெருக் கோடியில் இருக்கிறது. வீட்டிலிருந்து நேராக ஒரே சாலை. பைபாஸோ ஊரையே ஒரு பெரிய சுற்றுச் சுற்றிவிட்டு, ஆபீசுக்குப் பின்பக்கமாக வந்து சேருகிற சாலை. அவசரம் என்று லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அலறும்போது ஓட வேண்டிய மெக்கானிக், காலை வேளையில் ஊரைப் பிரதட்சணம் செய்கிறார் என்றால் நடுவில் எங்கோ ஒரு நிறுத்தம் இருக்க வேண்டும். அந்த நிறுத்தத்துக்கு ஒரு வீடு இருக்க வேண்டும். அந்த வீட்டுக்கு ஒருத்தி இருக்க வேண்டும். பல்செட்டுக்காரி இந்த முடிவுக்கு வந்து சேர, பார்லர்காரி மாடிப்படி ஏறி முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

அவளுடைய தொழில் அப்படி. முன்னறையில் மேசை போட்டு, ஊர்ப் பல் டாக்டர்களுக்கெல்லாம் பல்செட் செய்து கொடுக்கிறாள். டாக்டர் அனுப்பும் அச்சைப் பார்த்தே ஆள் எந்தப் பக்கம் மெல்லுகிறார், ராத்திரி பல்லைக் கடிக்கிறாரா, வாயில் பேனாவை வைத்துக்கொள்கிற பழக்கம் உண்டா என்றெல்லாம் சொல்லிவிடுவாள். முகத்தையே பார்க்காமல் முன்பின் தெரியாதவர்களின் வண்டவாளத்தைக் கண்டுபிடிக்கிறவளுக்கு, எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற புருஷனின் வண்டவாளம் எம்மாத்திரம்?

மெழுகைச் சூடாக்கி ஈறு செதுக்கிக்கொண்டே யோசித்தாள். யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக வந்து வரிசை கட்டியது.

முதலில் அந்தச் செருப்பு. போன மாதம் லிஃப்ட்காரர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்தார். இடது காலில் செருப்பு, வலது கால் வெறுங்கால். "இன்னொண்ணு எங்க?" என்று கேட்டதற்குக் குனிந்து பார்த்து, அப்போதுதான் தெரிந்துகொண்டவர் போல முழித்தார். பிறகு "அறுந்து போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். அறுந்து போனால் மனிதன் ஒன்றைத்தான் தூக்கிப் போடுவானா? இன்னொரு வாசலில் விட்டுவிட்டு, யாரோ வருகிற சத்தம் கேட்டு அவசரமாகக் கிளம்பியவனுக்குத்தான் ஒற்றைச் செருப்பு மிஞ்சும்.

அடுத்தது ஷூ. கம்பெனி கொடுத்த கனமான பூட்ஸ் இருக்க, திடீரென்று மெல்லிய அடிப்பாகம் உள்ள துணி ஷூ ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். காலேஜ் பையன்கள் போடுகிற ரகம். கேட்டால் "இதுதான் காத்தோட்டமா இருக்கு" என்றார். தலையில் பாதி நரைத்த பிறகு காலுக்குக் காற்று கேட்கிறதாம்.

மூன்றாவதில்தான் அவள் சந்தேகம் உறுதியானது. கார் ஓட்டும்போது லிஃப்ட்காரர் அடிக்கடி கீழே பார்க்கிறார். சிக்னல் வந்தால் கீழே ஒரு பார்வை, கிளம்பும்போது கீழே ஒரு பார்வை. முன்பெல்லாம் இந்தப் பழக்கம் கிடையாது. காலடியில் போனை மறைத்து வைத்துக்கொண்டு, மினுக்கென்று வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கிறார். வேறென்ன?

அன்று சாயங்காலம் அவர் வந்ததும் வாயைக் கிளறினாள்.

"ஏங்க, கடைத்தெரு வழியில ரோடு ஏதும் வெட்டிப் போட்டிருக்காங்களா?"

"இல்லியே."

"அப்புறம் எதுக்கு பைபாஸ்ல போறீங்க?"

லிஃப்ட்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் மென்றார். "அதுவா... அங்க க்ரூஸ் கண்ட்ரோல் போடலாம். எண்பதுல செட் பண்ணிட்டா வண்டி பாட்டுக்கு எண்பதுலயே போகும். நாம கால எடுத்துட்டு நிம்மதியா உக்காந்திருக்கலாம். காசு போட்டு வாங்கின வண்டி, அதுல இருக்கிறதை அனுபவிக்க வேண்டாமா?"

"நிம்மதியாவா?"

"ஆமா. கடைத்தெருவுல மிதி, விடு, மிதி, விடுன்னு உயிர் போகுது."

நிம்மதி என்ற சொல் பல்செட்டுக்காரிக்குப் பிடிக்கவேயில்லை. கல்யாணமான ஆண் வீட்டுக்கு வெளியே நிம்மதியைத் தேடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது அவள் கட்சி.

மறுநாள் அவள் மாடிக்குப் போனாள். பார்லர்காரி ஒரு வாடிக்கையாளரின் தலையில் சாயத்தைப் பூசி ஊறவிட்டிருந்தாள். ஊறுகிற தலைக்குக் கேட்காதபடி இருவரும் ஜன்னலோரம் ஒதுங்கி, போனில் ஒரு வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டுக் காரின் ரகமேதான், க்ளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக். வீடியோவில் இருந்தவன் ஸ்டீயரிங்கில் இருந்த ஒரு சின்ன விசையைக் காட்டினான். மேலே தள்ளினால் க்ரூஸ் கண்ட்ரோல். செட் பண்ணிய வேகத்தில் வண்டி தானே போகும், கால் தேவையில்லை. அதே விசையைக் கீழே தள்ளினால் ஸ்பீடு லிமிட்டர். செட் பண்ணிய வேகத்துக்கு மேல் வண்டி போகாது, ஆனால் ஓட்டுகிறவர்தான் மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். காலை எடுத்தால் வண்டி தளர்ந்துவிடும். இரண்டுக்கும் எதிரே தெரிகிற எண் ஒன்றேதான். பக்கத்தில் இருக்கும் குட்டிப் படம் மட்டும் வேறு.

"ஒண்ணு தானா ஓடுற குதிரை, இன்னொண்ணு மூக்கணாங்கயிறு போட்ட மாடு" என்று பார்லர்காரி சுருக்கிச் சொன்னாள். "அக்கா, அண்ணனுக்கு எது வேணும்னு நினைக்கிறீங்க?"

பல்செட்டுக்காரி மடமடவென்று கீழே இறங்கி வந்தாள். அன்று சாயங்காலம் காரில் குடையை மறந்துவிட்டதாகச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். ஸ்டீயரிங்குக்கு முன் உட்கார்ந்தாள். அவளுக்கும் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் அவள் வண்டியை எடுத்தால் லிஃப்ட்காரர் பக்கத்தில் உட்கார்ந்து "பாத்து, பாத்து" என்று சொல்லியே பாதி உயிரை வாங்கிவிடுவார் என்பதால் எடுப்பதில்லை. விசையை டக்கென்று கீழே தள்ளிவிட்டு இறங்கினாள். புருஷனுக்குக் கடிவாளம் போட்டாகிவிட்டது, இனிமேல் அந்த ஒருத்தியிடம் பறந்துகொண்டு போகமுடியாது என்ற திருப்தியில் அன்று மூன்று பல்செட்டுக்கு மெருகு போட்டாள். குடையைக் கொண்டுவர மறந்துபோனாள்.

அடுத்த நாள் லிஃப்ட்காரர் வீடு திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது. வந்ததும் வராததுமாகத் தண்ணீர் கேட்டார்.

"வண்டியில ஏதோ கோளாறு. எண்பதுல செட் பண்ணிட்டு கால எடுத்தேன். வண்டி அப்படியே படுத்துடுச்சு. பின்னால ஒரு லாரி. ஹார்ன் அடிச்சுக்கிட்டு, உரசுற மாதிரி விலகிப் போனான். என்னென்னமோ சொல்லித் திட்டினான். கொஞ்சம் தப்பியிருந்தா..."

விசையைத் தள்ளிய கையாலேயே பல்செட்டுக்காரி தம்ளரை நீட்டினாள். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட அவளால் முடியவில்லை.

"வண்டி படுத்தா மறுபடி மிதிக்க வேண்டியதுதானே? கால் எங்க இருந்துச்சு?"

லிஃப்ட்காரர் தம்ளரை வாயில் வைத்தார். தண்ணீர் தீர்ந்த பிறகும் தம்ளரை இறக்கவில்லை.

"இங்கதான் இருந்துச்சு. வேற எங்க இருக்கும்?" என்றார் கடைசியில்.

இந்தப் பதில் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பார்லர்காரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "கால் ரெண்டும் சும்மா. கையும் பாதி சும்மா. காருக்குள்ள அந்த நேரத்துல ஒரு மனுஷன் என்னக்கா பண்ணுவான்? சம்மணம் போட்டுக்கிட்டுப் போன்ல பேசியிருக்காரு. அந்தப் பேச்சு மயக்கத்துல மிதிக்கணும்னே தோணலை. நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களே ஒரு நாள் கூடப் போய்ப் பாருங்க."

விசையை மேலே தள்ளி வைத்துவிட வேண்டும் என்று பல்செட்டுக்காரி நினைத்தாள். அதற்குள் லிஃப்ட்காரரே எண்ணுக்குப் பக்கத்துக் குட்டிப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துச் சரி செய்துகொண்டார். "கை பட்டு மாறியிருக்கும் போல" என்றார். அவள் "இருக்கும்" என்றாள்.

கூடப் போகச் சாக்கு கிடைக்க நாளாகவில்லை. கடைத்தெரு டாக்டரிடம் ஒரு பல்செட்டைச் சேர்க்க வேண்டியிருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ பஸ்ல போயிடேன். நான் சுத்திப் போறேன், உனக்கு லேட்டாகும்" என்றார் லிஃப்ட்காரர்.

"எனக்கும் கொஞ்சம் நிம்மதி வேணும்ங்க. நானும் அந்த க்ரூஸைப் பாக்குறேன்."

லிஃப்ட்காரர் பெல்ட்டைப் போட்டார். கீழே ஒரு முறை பார்த்தார், வண்டியை எடுத்தார். தெரு முனையில் கீழே பார்த்தார். முக்கில் திரும்பும்போது பார்த்தார். பல்செட்டுக்காரி உள்ளுக்குள் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டே வந்தாள். பைபாஸில் ஏறி எண்பதைத் தொட்டதும் கட்டைவிரலால் விசையை அழுத்தினார். எதிரே பச்சையில் எண்பது என்று விழுந்தது. தோள் தளர்ந்து, ஒரு பெருமூச்சு விட்டு, இருக்கையில் சாய்ந்தார். பார்லர்காரி சொன்ன அந்த ராஜா இவர்தான்.

இரண்டு பக்கமும் குடோன்கள், டைல்ஸ் கடைகள், கார் கழுவுகிற இடம். ஒவ்வொரு கிளைச்சாலை வரும்போதும் இங்கேதான் திரும்புவாரோ என்று அவள் எட்டிப் பார்த்தாள். கார் எங்கேயும் திரும்பவில்லை. தனக்குப் பயந்து இன்றைக்கு நேரே போகிறார் என்று வைத்துக்கொண்டாள். முன்னால் ஒரு வேன் மெதுவாகப் போனது. லிஃப்ட்காரர் கட்டைவிரலால் தட்டித் தட்டி வேகத்தைக் குறைத்தார். வேன் ஒதுங்கியதும் அதே கட்டைவிரலால் ஏற்றினார். கால் அசையவே இல்லை. பிறகு, ஒரு காரணமும் இல்லாமல், மறுபடி கீழே ஒரு பார்வை.

அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அங்க என்னங்க இருக்கு?"

"எங்க?"

"கீழ. மணிக்கு எத்தனை தடவை பாப்பீங்க? யாரு கூப்பிடுறா?"

"யாரு கூப்பிடுறாங்களா? என்ன உளர்றே?"

"நானே பாத்துக்கிறேன்" என்று பல்செட்டுப் பெட்டியைப் பின் இருக்கையில் வீசிவிட்டு, பெல்ட்டை இழுத்துக்கொண்டு, அவர் காலடியில் குனிந்துவிட்டாள். லிஃப்ட்காரர் "ஏய், ஏய்" என்று கத்தினார்.

போன் இல்லை. இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். ஒரு பழைய பஸ் டிக்கெட்டும் தூசியும் வந்தன. அப்போதுதான் அவர் வலது கால் கண்ணில் பட்டது. குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தைத் தூக்கி வைத்திருந்தார். அந்த மெல்லிய ஷூவின் அடியில் ஒரு ஸ்க்ரூவின் தலை பளபளத்தது. லிஃப்ட் கதவுகளை முடுக்குகிற ரகம், சுண்டுவிரல் நீளத்துக்குக் குறையாதது, அவர் சட்டைப் பையிலிருந்து துவைக்கும்போது அவள் எத்தனையோ முறை எடுத்திருக்கிறாள். தலை மட்டும்தான் வெளியே இருந்தது. மீதி உள்ளே. ஷூவின் துணியோரம் கறுப்பாக நனைந்து காய்ந்திருந்தது.

அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

"வலது கால் வலிக்குதா?"

"இல்லியே. ஏன்?"

"கொஞ்சம்கூட?"

"இல்லைங்கிறேன்ல. என்ன இருக்கு அங்க?"

அவர் குரலில் பொய் இல்லை. அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளாக அவர் சொன்னதிலெல்லாம் பொய் தேடியவளுக்கு, இந்த ஒரு உண்மை பொய்யாக இருக்கக்கூடாதா என்றிருந்தது.

"உங்க கால்ல ஸ்க்ரூ ஏறியிருக்கு."

"என்னது?" என்று லிஃப்ட்காரர் காலைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தார். கார் கோட்டைத் தாண்டிப் பக்கத்து வண்டிக்கு நேராகச் சாய்ந்தது. அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தாள்.

"ரோட்டைப் பாருங்க! குனியாதீங்க! பிரேக்கை மிதிக்காதீங்க, மிதிச்சா இன்னும் உள்ள போகும்!"

"மிதிக்காம எப்படி நிறுத்துறது?"

வீடியோக்காரன் காட்டியது கண்முன் வந்தது. விசைக்குப் பக்கத்தில் ரத்து செய்கிற பொத்தான். எட்டி அதை அமுக்கினாள். பச்சை எண்பது மறைந்தது. கார் முனகிக்கொண்டு வேகம் இழக்கத் தொடங்கியது. நாலு பக்கமும் மினுக்கும் விளக்கைப் போட்டாள். "ஓரமா, ஓரமா" என்று அவள் சொல்ல, அவர் திருப்ப, கார் சரளைக்கல்லில் இறங்கி நத்தையாக ஊர்ந்தது. ஹேண்ட் பிரேக்கை அவள்தான் இழுத்தாள்.

 வண்டிகள் பறந்து போகிற காற்றில் கார் ஆடியது.

"எப்பலருந்து?" என்றாள்.

"என்ன எப்பலருந்து?"

"நடிக்காதீங்க."

லிஃப்ட்காரர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சர்க்கரை இருக்கிறதாம். கம்பெனி டாக்டர் அல்லாத வேறு ஒரு டாக்டரிடம் ரகசியமாகப் போய்ப் பார்த்தாராம். முதலில் விரல்கள் மரத்தனவாம், பிறகு பாதம். ஊருக்குள் ஓட்டினால் கால் பிரேக்கில் இருக்கிறதா ஆக்சிலரேட்டரில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். பைபாஸில் அந்தத் தொல்லை குறைவு. கட்டைவிரல் பார்த்துக்கொள்ளும். மெல்லிய ஷூ போட்டால் கொஞ்சமாவது தெரியும் என்று நினைத்தாராம்.

"வெளிய தெரிஞ்சா வண்டியைப் பிடுங்கிடுவாங்க. லிஃப்ட் குழிக்குள்ள இறங்க விடமாட்டாங்க. நான் என்ன பண்றது, உன் பக்கத்துல உக்காந்து பல்லு தேய்க்கிறதா?" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நீ என்னன்னு நினைச்சே? யாரு கூப்பிடுறான்னு கேட்டியே?"

அவள் நினைத்ததைச் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். ஸ்டீயரிங் விசையைத் தொட்ட கதையை மட்டும் விழுங்கிவிட்டாள். அந்த லாரியின் ஹார்ன் சத்தத்தைக் காதால் கேட்காவிட்டாலும் அவளுக்கு அது கேட்டுக்கொண்டேதான் இருந்தது. சில விஷயங்கள் கேட்டால் சொல்லலாம். கேட்காதவரை சொல்லத் தேவையில்லை.

லிஃப்ட்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கா? ஒருத்தியா? இந்தக் காலை வச்சுக்கிட்டா?"

"கால் இப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல. யார்கிட்டயும் சொல்லாதே, முக்கியமா மாடியில. மெதுவாப் போய் ஸ்க்ரூவை எடுத்துக்கிட்டு அப்படியே ஆபீசுக்குப் போயிடுறேன். இடது கால் நல்லா இருக்கு. அதால பிரேக் போட்டுப் பழகிக்கிறேன்."

"இடது கால் நல்லா இருக்கா?"

"சத்தியமா."

பல்செட்டுக்காரி இறங்கிச் சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். சரளையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவருடைய இடது ஷூவையும் சாக்ஸையும் கழற்றினாள்.

"என்ன பண்றே? ரோட்டுல போறவன் பாக்குறான்."

"கண்ணை மூடுங்க. எந்த விரலைத் தொடுறேன்னு சொல்லுங்க."

அவள் பல்செட் செய்து கொடுக்கிற ஒரு டாக்டர், மரத்துப்போகிற ஊசி போட்ட பிறகு இப்படித்தான் ஈறைச் சீண்டிப் பார்ப்பார். தைரியசாலி என்று காட்டிக்கொள்கிற நோயாளிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்.

லிஃப்ட்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நெற்றி சுருங்கியிருந்தது. பல்செட்டுக்காரி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். ஒரு லாரி போனது. ஒரு பஸ் போனது.

"ம். பெருவிரல்" என்றார் உறுதியாக.

அவள் அசையவில்லை.

"இப்ப பக்கத்து விரல். சரியா? சொன்னேன்ல?"

பல்செட்டுக்காரி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிய கண்களோடு, சரியாகச் சொல்லிவிட்ட பெருமையில், கொஞ்சம் மோவாயைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வாய்களின் அச்சைப் பார்த்தவள். இந்த வாய் இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லும் என்பது இன்றுதான் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வேறு ஒருத்தி இருந்திருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

"கண்ணைத் திறங்க" என்றாள். "அந்தப் பக்கம் மாறி உக்காருங்க. வலது காலை ஊனாதீங்க, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வாங்க."

"ஏன், சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாச் சொன்னீங்க."

அவரைத் தாங்கிப் பிடித்து நொண்ட வைத்துச் சுற்றிக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். வலி இல்லாததால் அவருக்கு நொண்டவே வரவில்லை, அவள்தான் இழுத்து நொண்ட வைக்க வேண்டியிருந்தது. பிறகு வந்து ஸ்டீயரிங்குக்கு முன் உட்கார்ந்து இருக்கையை முன்னே நகர்த்தினாள். கண்ணாடியைத் திருப்பினாள். அவள் பைபாஸில் ஓட்டியதே இல்லை.

"எண்பது வரைக்கும் கொண்டுபோய் அந்த விசையை அமுக்கு" என்று லிஃப்ட்காரர் ஆரம்பித்தார். "அப்புறம் கால எடுத்துடலாம். உனக்கும் நிம்மதி."

"எனக்கு வேண்டாம். என் கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

பின்னால் ஒரு இடைவெளி வந்தது. அவள் மிதித்தாள். கார் சரளையை உதறிவிட்டுச் சாலையில் ஏறியது. நாற்பதைத் தாண்டவில்லை, அதற்குள் பின்னால் ஹார்ன் ஆரம்பித்துவிட்டது. பக்கத்து இருக்கையில் லிஃப்ட்காரர் "பாத்து, பாத்து" என்றார். ஆஸ்பத்திரி போகிற கிளைச்சாலை எது என்று கேட்டாள். அவர் கையைக் காட்டினார். சரியாகத்தான் காட்டுகிறாரா, ஆபீஸ் பக்கம் திருப்பிவிடப் பார்க்கிறாரா என்று, திரும்புவதற்கு முன்னால் அந்த வழிப்பலகையை அவளே ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டாள்.